மெஸ்ஸில் விழுந்த அடியும் வார்டன் சொல்லி எழுதிய கடிதமும்

சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கும் ஒரு தாய் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு 20 வயது. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு, விடுதியில் தங்கியிருக்கிறார். அதே வகுப்பில், அதே தளத்தில் இருக்கும் இன்னொரு மாணவர் முதல் ஆண்டிலிருந்தே இவரை நிறத்தை வைத்துக் 'கரிச்சட்டி' என்றுதான் கூப்பிடுவாராம். இந்த வருடம் இவர் வாயைத் திறந்து தூங்கும்போது எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் விட்டிருக்கிறார்கள். ஒருநாள் இரவு மெஸ் வரிசையில், சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்று அந்த மாணவர் ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரிக்க, இவர் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரால் ஓங்கி அடித்துவிட்டார். புருவத்துக்கு மேலே மூன்று தையல்.

அன்றிரவே வார்டன் தன் அறைக்குக் கூப்பிட்டு, தான் சொல்லச் சொல்ல ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார். அதில், 'முன்விரோதம் காரணமாகத் திட்டமிட்டுத் தாக்கினேன், நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்' என்று ஒரு வரி. மறுநாள் 'மறு உத்தரவு வரும் வரை' சஸ்பெண்ட். ராகிங், கடும் ஒழுங்கீனம் என்ற இரண்டு குற்றச்சாட்டுகளுக்குப் பத்து நாளில் விசாரணைக் குழு முன் வரும்படி மெயில். அடிபட்ட பையனின் அப்பா காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிவிட்டார். செமஸ்டர் தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது.

தாயின் கேள்விகள் இவை. விசாரிக்காமலே சஸ்பெண்ட் செய்யலாமா? ஒரே வருடத்துப் பையன்களுக்குள் நடந்தது எப்படி ராகிங் ஆகும்? நேராக ஹைகோர்ட்டுக்குப் போய்விடலாமா? தம்பி முறையான ஒருவர் 'நாமும் ஒரு கம்ப்ளெய்ன்ட் கொடுத்தால் கேஸ், கவுண்டர் கேஸ் என்று ஆகி அவர்களே இறங்கி வருவார்கள்' என்கிறாரே, செய்யலாமா? இன்னொரு சொந்தக்காரர் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு கல்லூரியில் சேர்க்கச் சொல்கிறார். மகனோ 'அவன்கிட்ட மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்' என்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்: 'மூன்று தையல்தான் சார், பெரிய காயமெல்லாம் இல்லை.' உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் இந்த 'தான்' விசாரணை அறையில் உங்கள் வாயிலிருந்தோ மகன் வாயிலிருந்தோ வரவே கூடாது. ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியும். அடித்தது தவறு. மகனைக் காப்பாற்றுகிற எந்த வழியும் அதை ஒப்புக்கொள்வதில்தான் தொடங்கும்.

அதற்காக, அந்தக் கடிதத்தில் இருப்பதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சஸ்பென்ஷனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி இரண்டே வரி. எனக்குக் கவலை அந்த இரண்டு வரியில்தான்.

வார்டன் எழுதி வாங்கிய கடிதம்

விடுதிகளில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. இரவு பதினோரு மணி. பையன் நடுங்கிக்கொண்டிருப்பான். எதிரே வார்டன், பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி. 'எழுதிக் கொடுத்துட்டுப் போ, இத்தோட முடிஞ்சிடும்' என்பார்கள். அது முடிவதில்லை. காலையில் அந்தத் தாள்தான் கோப்பில் முதல் பக்கமாக உட்கார்ந்திருக்கும். ஒரு கல்லூரியின் விசாரணைக் குழுவில் வெளி உறுப்பினராக நான் இருந்தபோது மூன்று மாணவர்களின் மன்னிப்புக் கடிதங்கள் வந்தன. கையெழுத்து மூன்று, வாசகம் ஒன்றேதான். 'ஒழுங்கீனம்' என்ற சொல்லில் இருந்த எழுத்துப்பிழை உட்பட. குழுத் தலைவர் அதைப் பார்த்துச் சிரித்தாரே தவிர ஒதுக்கிவைக்கவில்லை.

'திட்டமிட்டு' என்ற ஒரு சொல்லால் இரண்டு கெடுதல். ஒன்று, கண நேரக் கோபத்தில் நடந்ததைச் சதிபோலக் காட்டுகிறது. இன்னொன்று, இரண்டு வருடக் கேலியைக் கதையிலிருந்தே அழித்துவிடுகிறது. அதனால் விசாரணை நாள் வரை காத்திருக்காமல், இந்த வாரமே பதிவாளருக்கு மகன் ஒரு விளக்கக் கடிதம் அனுப்ப வேண்டும். 'நான் அடித்தது உண்மை. அதற்கு வருந்துகிறேன். ஆனால் இன்ன தேதி இரவு எழுதிக் கொடுத்த கடிதத்தில் முன்விரோதம், திட்டமிட்டு என்ற சொற்கள் என்னுடையவை அல்ல. வார்டன் சொல்ல எழுதியவை. நடந்தது இதுதான்' என்று தொடங்கி, தேதி வாரியாகச் சொல்ல வேண்டும். முழுக் கடிதத்தையும் 'மிரட்டி வாங்கினார்கள்' என்று தூக்கிப் போடச் சொல்வார்கள் சிலர். வேண்டாம். அடித்ததை மெஸ்ஸே பார்த்திருக்கிறது. அதையும் சேர்த்து மறுத்தால் உண்மையான பகுதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

உங்களுக்கு இது புதிதல்ல, அம்மா. பி.டி.ஓ. ஆபீசிலிருந்து மெமோ வந்தால் என்ன செய்வீர்கள்? குறித்த நாளுக்குள், கேட்டதற்கு மட்டும், பதிவேட்டைப் பார்த்துப் பதில் எழுதி, நகல் ஒன்று வைத்துக்கொள்வீர்கள். அதையே மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

விசாரிக்காமல் சஸ்பெண்ட் செய்யலாமா?

செய்யலாம், ஓரளவுக்கு. விசாரணை முடியும் வரை இருவரையும் தள்ளி வைப்பது தண்டனையாகக் கருதப்படாது. அடிபட்ட பையனும் அதே தளத்தில் அல்லவா இருக்கிறான்? ஆனால் 'மறு உத்தரவு வரும் வரை' என்று கெடுவே இல்லாமல் நீட்டினால், அதுவும் தேர்வு நெருங்கும்போது, அது பெயரில்தான் இடைக்கால நடவடிக்கை, உண்மையில் தண்டனைதான் என்று வாதாட இடம் கிடைக்கும். தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்திலேயே, புகார் வந்ததும் கல்லூரித் தலைவர் உடனே விசாரித்து, உண்மை என்று தெரிந்தால்தான் சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. 'நாங்கள் விசாரித்தோம்' என்பதற்கு அவர்கள் எதைக் காட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? வார்டன் வாங்கிய அந்தக் கடிதத்தைத்தான். அதற்காகத்தான் அதை முதலில் சரிசெய்யச் சொன்னேன்.

தண்டனை என்று வரும்போது மகனுடைய தரப்பைக் கேட்டே ஆக வேண்டும். தேர்வு முடிவை ரத்து செய்வதானாலும் மாணவரைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று 1962-லேயே, உத்தரப் பிரதேச தேர்வு வாரியம் சம்பந்தப்பட்ட கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 'கேட்பது' என்றால் சினிமாக் கோர்ட் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 'எல்லாச் சாட்சிகளையும் என் வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார்' என்று மகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமை இல்லை. ராஞ்சி மருத்துவக் கல்லூரியில் இரவில் மாணவிகள் விடுதிக்குள் புகுந்த மாணவர்கள் நீக்கப்பட்ட வழக்கில், 1973-ல் உச்ச நீதிமன்றம், புகார் சொன்ன மாணவிகளை அந்த மாணவர்கள் முன்னால் நிறுத்திக் குறுக்கு விசாரணைக்கு விட வேண்டிய அவசியம் இல்லை என்றது. மாணவர் ஒழுங்கு விசாரணைகளில் இன்றும் கல்லூரிகள் நீட்டும் தீர்ப்பு அது. குற்றச்சாட்டு என்ன, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். பதில் சொல்ல நேரம் வேண்டும். நடுநிலையான குழு வேண்டும். பிடித்துக்கொள்ள வேண்டியவை இவைதான். வார்டனே அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தால், அதை எழுத்தில் ஆட்சேபியுங்கள். அவர் இங்கே சாட்சி.

'ராகிங்' உங்கள் பக்கமும் திரும்பும்

சீனியர் ஜூனியரைச் செய்தால்தான் ராகிங் என்று நீங்கள் மட்டுமல்ல, பேராசிரியர்கள் பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட அதிர்ச்சியில் வந்தது 1997-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம். கேலி செய்வது, திட்டுவது, காயப்படுத்துவது என ஒரு மாணவருக்கு உடலாலோ மனதாலோ தீங்கு, பயம், அவமானம் உண்டாக்கும் நடத்தை எல்லாம் அதில் அடங்கும். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். புகாரைக் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைவரும் உடந்தையாகக் கருதப்படுவார். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2009 விதிமுறைகளும் 'புதிய மாணவரையோ வேறு எந்த மாணவரையோ' என்றுதான் பேசுகின்றன. நிர்வாகம் ஏன் இவ்வளவு பதறுகிறது என்பது இதில் தெரியும். நடவடிக்கை எடுக்காவிட்டால் அவர்கள் தலைக்கே வரும்.

ஆகவே 'இது ராகிங்கே இல்லை' என்று வாதாடுவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அதே விதிமுறையில் 2016-ல் ஒரு திருத்தம் வந்தது. நிறம், தோற்றம், சாதி, மதம், பாலினம், ஊர், மொழி, பொருளாதார நிலை போன்றவற்றை வைத்து ஒரு மாணவரை மனதாலோ உடலாலோ துன்புறுத்துவதும் ராகிங்தான். அவர் முதலாண்டு மாணவராக இருக்க வேண்டும் என்பதில்லை. 'கரிச்சட்டி'யும் அந்த ஸ்டிக்கரும் நேராக இதில் வந்து விழுகின்றன. அடித்த இரவுக்கு முன்னால், இரண்டு வருடமாக ராகிங்குக்கு ஆளாகிவந்தவர் உங்கள் மகன். அந்தக் குழுவில் யாரும் இதுவரை இதைச் சொல்லியிருக்கப் போவதில்லை.

இதை வைத்து, விளக்கக் கடிதத்தோடு சேர்த்து, ராகிங் தடுப்புக் குழுவுக்கு மகன் தனியாக ஒரு புகார் கொடுக்கட்டும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். போனில் இருக்கும் பழைய உரையாடலை அழிக்காமல் வைத்திருக்கட்டும். ஸ்டிக்கரின் ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரிய வேண்டும். வெட்டி ஒட்ட வேண்டாம். யாரிடமாவது முன்பே இதைப் பற்றிச் சொன்னாரா, ரூம்மேட்டிடம், கிளாஸ் அட்வைசரிடம்? சொல்லியிருந்தால் அந்தப் பெயர்கள். மெஸ்ஸின் சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்தும்படி இன்றே மெயில் அனுப்புங்கள். சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்; அப்புறம் யார் கேட்டாலும் கிடைக்காது.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். இதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவும், அடித்ததை இல்லை என்று ஆக்காது. விதிமுறையில் தண்டனைகளுக்கு ஒரு ஏணியே இருக்கிறது: சில நாள் வகுப்புத் தடை, விடுதியிலிருந்து நீக்கம், தேர்வுத் தடை, ஒன்று முதல் நான்கு செமஸ்டர் வரை வெளியேற்றம், கடைசியில் முழு நீக்கம். மேல் படிக்குப் போகாமல் கீழ்ப் படியில் நிறுத்துவதுதான் நம் வேலை. விடுதியை விட்டுப் போகச் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள் என்பேன். வெளியே அறை எடுத்தால் செலவு கூடும், தெரியும். படிப்பு நிற்காது.

போலீஸ் மனு, எதிர் மனு

சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கிக்கொண்டதற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். ஆகக்கூடும். இதுபோன்ற அடிதடிக்கு நம் காவல் நிலையங்களில் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2) (ஆபாசமாகத் திட்டுவது, காயப்படுத்துவது, கொலை மிரட்டல்) என்று மூன்றையும் ஒரே மூச்சில் எழுதுவார்கள். 2024 ஜூலை முதல் அவையே புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351(3). டம்ளரை ஆயுதம் என்று கொண்டால் 118(1) சேரலாம், அது கனமான பிரிவு. எது என்று தெரிந்த பிறகுதான் முன்ஜாமீன் தேவையா என்று முடிவு செய்ய முடியும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் பொதுவாக முதலில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்குத்தான் அழைப்பார்கள். அழைத்தால் போக வேண்டும், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரோடு.

உங்கள் தம்பி முறைக்காரர் சொல்லும் கவுண்டர் கேஸ் யோசனையை நான் ஏற்க மாட்டேன். 'எங்களையும் அடித்தான்' என்று இல்லாததை எழுதினால் பொய்ப் புகார் என்று 217-ம் பிரிவு உங்கள் பக்கம் திரும்பும். அது மட்டுமில்லை. இரண்டு எஃப்.ஐ.ஆர். ஆனால் இரண்டு பையன்களும் நான்கைந்து வருடம் வாய்தாவுக்கு அலைவார்கள். கேம்பஸ் இன்டர்வியூ, பாஸ்போர்ட், அரசு வேலை என எல்லா இடத்திலும் 'உங்கள் மீது வழக்கு உண்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். உண்டென்றால் விளக்கம் சொல்ல வேண்டும். மறைத்தால் அதுவே வேலை போகக் காரணமாகும். கேலி, ஸ்டிக்கர் பற்றிய உண்மையான புகாருக்கு இப்போதைக்கு ராகிங் தடுப்புக் குழு போதும்.

சமாதானம் ஆனால் எஃப்.ஐ.ஆர். ஆன பிறகும் வழி இருக்கிறது. 115(2) போன்ற பிரிவை அடிபட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம். 296(பி)-க்கு அப்படி முடியாது. எல்லாவற்றையும் சேர்த்து முடிக்க, இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரசப் பத்திரத்தோடு உயர் நீதிமன்றத்தில் அதே நடைமுறைச் சட்டத்தின் 528-ன் கீழ் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு போட வேண்டும். தனிப்பட்ட தகராறுகளில் நீதிமன்றங்கள் இதை ஏற்பது உண்டு.

ஆனால் தயவுசெய்து பழத்தட்டோடு நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு இப்போது அந்தப் பையன் வீட்டுக்குப் போகாதீர்கள். நம் ஊர் வழக்கம் அது, எனக்கும் பிடித்த வழக்கம்தான். மனு நிலுவையில் இருக்கும்போது வாசலில் ஆறு பேர் வந்து நின்றால் அவர்கள் அதை மிரட்டலாகப் பார்க்கலாம், எழுதியும் கொடுக்கலாம். மாணவர் நல டீன் வழியாகக் கேளுங்கள்: 'எங்கள் மகன் வருத்தம் தெரிவிக்க விரும்புகிறான், மருத்துவச் செலவை ஏற்கத் தயாராக இருக்கிறோம், அவர்கள் சம்மதித்தால் உங்கள் முன்னிலையில் சந்திக்கிறோம்.' இதையும் எழுத்தில் கேளுங்கள்.

ஹைகோர்ட்டும் டி.சி.யும்

தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் மீது ரிட் (உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போட முடியாது என்று உங்களிடம் யாரோ சொன்னது தவறு. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட ஜேனட் ஜெயபால் வழக்கில், அப்படிப்பட்ட நிறுவனமும் ரிட் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. போட முடியும். ஆனால் இன்று போட்டால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, 'விசாரணைக்குப் போனீர்களா?' என்பதாக இருக்கும். போகாமல் வந்தால் 'போய்விட்டு வாருங்கள்' என்று முடித்துவிடுவார்கள், இரண்டு வாரமும் செலவும் போயிருக்கும்.

நீதிமன்றத்தை ஒரே ஒரு விஷயத்துக்காகக் கையில் வைத்திருங்கள்: தேர்வு. விளக்கக் கடிதத்தின் கடைசிப் பத்தியில், விசாரணையை இன்ன தேதிக்குள் முடிக்கவும், சஸ்பென்ஷன் நாள்களை வருகைக் குறைவாகக் கணக்கிடாமல் இருக்கவும், முடியாவிட்டால் தேர்வு முடிவை நிறுத்தி வைத்தாவது தேர்வு எழுத அனுமதிக்கவும் கேளுங்கள். பதில் வராமல் தேர்வுக்கு இரண்டு வாரம் என்ற நிலை வந்தால், அந்தக் கடிதத்தோடு போய் இடைக்கால உத்தரவு கேட்கலாம். 'எழுதட்டும், முடிவு வழக்கின் தீர்ப்புக்கு உட்பட்டது' என்ற வகை உத்தரவு இப்படித்தான் கிடைக்கும். உறுதியாகக் கிடைக்கும் என்று எந்த வக்கீலாவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடும் தண்டனை வந்தாலும் அதோடு கதை முடியாது. ராகிங் என்று பல்கலைக்கழகம் போட்ட உத்தரவுக்கு வேந்தரிடம் மேல்முறையீடு உண்டு. சான்றிதழைத் தராமல் இழுப்பது, பழிவாங்குவது போன்றவற்றுக்கு யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி மாணவர் குறைதீர்க் குழு. அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளில் ஆம்புட்ஸ்பர்சன் என்ற மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

டி.சி. வேண்டாம். மூன்றாம் ஆண்டு நடுவில் இன்னொரு பொறியியல் கல்லூரி சேர்த்துக்கொள்வது லேசில்லை. விசாரணை நிலுவையில் வாங்கும் டி.சி.யில் நடத்தை என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மகன் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்பதைப் பற்றி

இதைச் சட்டக் கேள்வியாக நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பதில் சொல்கிறேன். இரண்டு வருடம் ஒருத்தன் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டதை வீட்டில் அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது மன்னிப்புக் கேள் என்றால், 'அவன் செய்ததெல்லாம் சரி என்று ஆகிவிடும்' என்றுதான் அவருக்குத் தோன்றும். இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். டம்ளரால் அடித்ததற்கு மட்டும் வருத்தம், ஸ்டிக்கருக்குப் புகார். ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது. பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆலோசகர் இருந்தால் விசாரணைக்கு முன்பே ஒரு முறை போய்ப் பேசட்டும். குழு கேட்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

விளக்கக் கடிதத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள். வழக்கறிஞரும் எழுதித் தர வேண்டாம், பார்த்துக் கொடுத்தால் போதும். முந்தைய கடிதம் இன்னொருவர் சொல்லி எழுதியது என்றுதானே சொல்லப் போகிறோம். மகனே தன் கையால், தன் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும். பதிவாளருக்கு மெயிலில் ஒன்று, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் போய்விட வேண்டும். விசாரணை அன்று நீங்களும் கூடப் போங்கள். உள்ளே விடாவிட்டாலும் வெளியே பெஞ்சில் இருங்கள். அன்றைக்கு எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும், படித்துப் பார்த்து, நகல் கேட்டு வாங்கிய பிறகு போடச் சொல்லுங்கள்.